மாமனார் கழற்றாத சாக்ஸ்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. குளுவாங்கிலிருந்து காஹாங் வரை செம்பனைப் பழம் ஏற்றிய லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். நான் நடத்தும் சுகாதாரப் பயிற்சி, தோட்ட மண்டபத்தில். ஆறு பெண்கள், எல்லோரும் இந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவர்கள். கிளினிக் தூரம். இனி நோயாளி வீடுகளுக்கு முதலில் போகப் போவது இவர்கள்தான்.

இன்று சர்க்கரை வியாதிக்காரர்களின் பாதத்தைப் பார்க்கும் பாடம். விரலிடுக்கு, குதிகால், புண், உணர்ச்சி. ஒருத்தி காலை இன்னொருத்தி மடியில் வைக்கச் சொன்னால் ஒரே சிரிப்பு. "அலமாக், கூசுதுலா மிஸ்ஸி!" நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் எனக்கு அந்தப் பட்டம் போகவில்லை. ஆறு பேரில் பரமு கெட்டிக்காரி. கை மென்மையானது, பேச்சும்தான்.

வாங்க வேண்டியது: பஞ்சு, டார்ச் பேட்டரி, என் முட்டிக்குத் தைலம்.

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுச் சுற்று. பரமு வீட்டிலேயே தொடக்கம். மாமனார் முனியாண்டி, பழம் ஏற்றும் லாரியில் வேலை. பல வருஷச் சர்க்கரை. வீட்டுக்குள்ளும் சாக்ஸ். கிட்டப் போனால் வாடை.

"கொஞ்சம் கழட்டுங்க மாமா, பாத்துடுறேன்."

"மருமக புள்ள என் கால புடிச்சுப் பாக்குறதா? வேணாம்மா."

நான் கேட்டதற்கும் காலை இழுத்துக்கொண்டார். "என் தம்பியும் புண்ணக் காட்டத்தான் ஆஸ்பத்திரி போனான் மிஸ்ஸி. முட்டிக்குக் கீழ இல்லாம வந்தான்."

வெளியே வந்ததும் பரமுவைக் கடிந்துகொண்டேன். இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டாமா? "நீங்கதானே மிஸ்ஸி வற்புறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க?" என்றாள். எரிச்சல். அதைவிடப் பயம். புண் மேலே ஏறினால் இவருக்கும் கால் போய்விடும்.

மார்ச் 5, புதன்

சரியான தூக்கமில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

கிளினிக் டாக்டரிடம் சொன்னேன். "ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அதுதானே பெரும்பாடு. வகுப்பில் கட்டுப் போடும் பயிற்சி. நாளை செய்முறைப் பரீட்சை.

மார்ச் 6, வியாழன்

பரீட்சைக்கு ஐந்து பேர்தான். பரமுவைக் காணோம். நல்ல கோபம். அப்புறம் போன். "மிஸ்ஸி, மாமாவோட ஆஸ்பத்திரில இருக்கேன்."

மத்தியானம் ஓடினேன். வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். காலையில் பரீட்சைக்குக் கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னால் மாமனாரிடம் ஆசீர்வாதம் கேட்டாளாம். "சாக்ஸ் மேல எப்படி மாமா விழுறது?" அவர் சாமி படத்தைப் பார்த்தாராம். பிறகு அவரே கழற்றினாராம். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அவர் கால் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

"என் தலையில கைய வச்சாரு மிஸ்ஸி. 'கால் போயிடுமாம்மா?'ன்னாரு. 'தெரியல மாமா, நான் கூடவே வரேன்'னு சொன்னேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

மார்ச் 8, சனி

வெயில். சுண்டுவிரலை நேற்று எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

வார்டில் பரமு பாலில்லாத தே ஓ டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். முனியாண்டி போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு மருமகளிடம், "உன் பரீட்சை என்னம்மா ஆச்சு? நான் கெடுத்துட்டேனா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"பாஸ்லா" என்றேன்.