மூச்சு வாங்காத ஆமை

அன்பு மனைவி பேராச்சிக்கு,

போனில் சொல்லத் துணிவில்லாத மூன்று செய்திகள்:
1. என் உடல்நலம்
2. கார்ட்டூன் தொடர்களில் இந்த ஆண்டு நடந்தது
3. ஒரு வேண்டுகோள்

இளைப்பு முன்போலத்தான், பயப்படாதே. நம் ஊர் மேலகரத்தில் சாரல் தொடங்கிவிட்டதா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இந்த ஆண்டு இங்கே பல கார்ட்டூன்களுக்குக் கணினியே குரல் கொடுக்கிறது. நான் பேசிவந்த கிழட்டு ஆமைக்கும் அப்படித்தான். என் பழைய பதிவுகளை வைத்தே செய்துவிட்டார்கள். வித்தியாசம் யாருக்கும் தெரியாது. இனி எனக்குச் சென்னையில் வேலை இல்லை.

கம்பளித் துண்டை அனுப்பச் சொல்ல நினைத்தேன். நானே வந்து எடுத்துக்கொள்ளட்டுமா? வெறுங்கையோடு வரலாமா? ஒரு வரி எழுது.

நேற்று போனில், "டிவில ஆமை மூச்சே வாங்காம பேசுதே, ஒங்களுக்கு இளைப்பு சரியாப் போச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டாய். நானும் ஆமாம் என்றேன்.

வித்தியாசம் யாருக்கும் தெரியாது என்று மேலே எழுதியது தவறு.

தில்லைநாயகம்