புராசஸரை மாற்றலாமா?

என் செல்ல வாலுக்கு,

நீ பாகம் பாகமாக வாங்கி மாட்டிய கம்ப்யூட்டர் இப்போது உன் அப்பாவைப் போல ஆகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே கால் மணி நேரம்.

மெக்கானிக் வந்து திறந்து, ஃபேனைக் கழற்றியதும் நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். புராசஸர் ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லையே! மேலே பற்பசை மாதிரி ஏதோ காய்ந்து கிடந்தது.

"இத்துனூண்டா இவ்வளவு வேலை பாக்குது?"

"இதான்க்கா மூளை. இதைவிட வேகமானது ஒண்ணு இதே போர்டுல உக்காரும். ஆனா சூடு ஏறும், பழைய ஃபேன் தாங்குமான்னு தெரியல. மாத்தட்டுமா?"

பேப்பருக்குப் பின்னால் இருந்த உன் அப்பா துள்ளி எழுந்தார். "கை வைக்காதீங்க! அவளைக் கேக்கணும்."

"எவளை?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"மாட்டினவளைத்தான்."

நீ அவரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது, அதை விடு.

"அப்ப நீங்களே கேளுங்க. அந்தப் பேரெல்லாம் என் வாயில நுழையாது" என்று சொல்லிவிட்டேன். நன்றாகவே நுழைகிறது.

அன்றிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். எப்படியும் கூப்பிட்டுவிடுவார். நீ எடு.

மாற்றலாமா, வேண்டாமா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனாலும் உடனே பதில் சொல்லிவிடாதே, தங்கம். என்ன போர்டு, எந்த ஃபேன் என்று ஒவ்வொன்றாகக் கேள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா