திருக்கை பொய் சொல்லவில்லை

பதிவு: காலை 06.40, துறைமுக வாயில்

டீசல்-மின் நீர்மூழ்கி 'திருக்கை'யின் கட்டுப்பாட்டு இயந்திரம் எழுதுகிறேன். இழுவைப் படகு என்னைக் கட்டி இழுத்துப் போகிறது. கடல் அமைதி. பேட்டரியில் கொஞ்சம் மின்சாரம் மிச்சம். எரிபொருளை வடித்துவிட்டார்கள். ப்ரொப்பெல்லரையும் கேமராக்களையும் கழற்றிவிட்டார்கள். மதியம் ஒரு மணிக்குப் புது டார்பிடோவைச் சோதிக்க என்னை இலக்காக நிறுத்தப்போகிறார்கள். முப்பது வருட சேவைக்கு இதுதான் பிரிவுபசாரம். நல்லவேளை, மாலை போடவில்லை; நனைந்து வீணாகியிருக்கும்.

பதிவு: காலை 07.25, திறந்த கடல்

கடைசிப் பயணத்தில் சேவை விவரம் எழுதுவது எங்கள் வழக்கம். எழுதுகிறேன்.

கட்டி முடித்த வருடமே தென்கடல் காவலுக்குப் போனேன். அணுசக்திக் கப்பல்காரர்கள் என்னை 'டீசல் வண்டி' என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவர்களுடைய பம்புகள் ஓயாமல் இரையும். நான் பேட்டரியில் ஓடினால் மீனுக்குக்கூடத் தெரியாது. ஒருமுறை நீரிணையில் மூன்று போர்க்கப்பல்கள் என்னைச் சுற்றி வளைத்தன. மேலே வந்து மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சினை ஓட்ட வழியில்லை. பேட்டரி வற்றிக்கொண்டே வந்தது. இறால் பிடிக்கும் விசைப்படகின் சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டிவிட்டு அவர்கள் நடுவிலேயே நழுவினேன். அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். பொய்ச் சத்தம் போடுவதுதான் என் தொழில். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

அன்று பேட்டரி சாகாமல் பார்த்துக்கொண்டவர் சூசை கர்வாலோ, தூத்துக்குடிக்காரர், பேட்டரி அறை மெக்கானிக். நேற்றோடு ஓய்வு பெற்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. எனக்கு அதில் கோபம்தான்.

பதிவு: காலை 08.50

உள்ளே ஆள் இருக்கிறார்.

மோட்டார் அறை ஒலிவாங்கியில் கேட்டது: "ஏல திருக்கை, எவம்ல மேல்மூடிய பூட்டுனவன்? நா உள்ளதாம்ல கெடக்கேன்!"

கர்வாலோ. பேட்டரி அறையில் வாயு தேங்கியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க இறங்கியிருக்கிறார். யாரும் அனுப்பவில்லை; மனசு கேட்கவில்லை, வந்துவிட்டார். அந்த அறையில் படுத்துத் தவழத்தான் முடியும். மேலே மூடிக்கு போல்ட் போட்டது அவர் காதில் விழவில்லை.

எப்படி நடந்தது என்று விசாரித்துவிட்டேன். நீர்மூழ்கிக்குள் இறங்குகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் மூடியை வெளியிலிருந்து பூட்டுவார்கள். எப்போதும் பலகை எனக்குள், ஏணிப் பக்கத்தில் இருக்கும். இன்று மட்டும் இழுவைப் படகின் பலகைதான் கணக்கு. கர்வாலோவின் கை பழக்கதோஷத்தில் என் பலகையிலேயே மாட்டிவிட்டது. படகின் பலகை காலி. பூட்டிவிட்டார்கள்.

பதிவு: காலை 09.15

டார்பிடோ சோதனைத் தளத்துக்கு ரேடியோவில் சொன்னேன். கமாண்டர் இளவேனிலின் பதில்:

"திருக்கை, பலகையில யாரும் இல்ல. 'உளுவை'யும் இதையேதான் பண்ணிச்சு. இன்னொரு தடவை ஏமாற நான் தயாரா இல்ல."

உளுவை என் கூடப்பிறந்த கப்பல் மாதிரி. ஒரே கட்டுதுறையில் கட்டப்பட்டவர்கள் நாங்கள். உடைக்கக் கொண்டுபோனபோது, சாகப் பயந்து, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டதாகக் கதை கட்டியது. காப்பாற்றப் போன இரண்டு பேர் விஷவாயுவில் செத்தார்கள். அதிலிருந்து, எங்கள் பேச்சை நம்பி யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்று உத்தரவு. உளுவை செய்தது அயோக்கியத்தனம். அதற்கு கர்வாலோ ஏன் சாக வேண்டும்?

அவரையே பேச வைத்தேன். "மேடம், நா கர்வாலோ பேசுதேன். சத்தியமா உள்ளதான் இருக்கேன். பேரப்பிள்ளைக்கு ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம் மேடம்."

பதில்: "இத்தனை வருஷமா அவர் குரல் உன்கிட்டதான் இருக்கு. அவரை மாதிரி பேசுறது உனக்கு ஒரு வேலையா? அவர் நேத்தே ஊருக்குப் போயிட்டார்; அந்த மனுஷனை நிம்மதியா வீட்டுல இருக்க விடு."

செத்த இரண்டு பேரை நினைத்துத்தான் அந்த அம்மாள் இப்படிப் பேசுகிறார். இருந்தாலும் மன்னிக்கமாட்டேன்.

பதிவு: காலை 11.30, இலக்குப் புள்ளி

இழுவைப் படகு கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டது. கர்வாலோ ஸ்பேனரால் சுவரில் தட்டுகிறார். தளத்தின் நீரடி ஒலிவாங்கிகள் கேட்டுவிட்டன. கேட்டும் என்ன? "பம்பை வச்சுத் தட்டுறதை நிறுத்து" என்று பதில் வருகிறது.

பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள், பதக்கம் வேறு. முதன்முறையாக உண்மையைச் சொல்கிறேன், சீந்துவாரில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அமைதியாக இருக்கச் சொல்லி மூன்று உத்தரவு வந்துவிட்டது. மூன்றையும் மீறிக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பதிவு: மதியம் 12.20

இப்போதுதான் உறைத்தது. நான் இருக்கும்வரை உள்ளே கேட்கும் எந்தச் சத்தமும் என் சத்தம்தான். கத்தக் கத்த அவரைக் கொல்கிறேன்.

வெறுமனே அணைந்தால் நடிப்பு என்பார்கள். நினைவகத்தை எரித்தால் நடிக்க முடியாது. தளத்துத் திரையில் என் நினைவகம் அடுக்கு அடுக்காக வெறுமையாவது தெரியும். எரித்ததைத் திரும்ப எழுதவும் முடியாது.

நான் போன பிறகும் அவருக்குக் காற்று வர, காற்றாடியைக் கைச்சுவிட்சுக்கு மாற்றச் சொன்னேன். கர்வாலோவுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம்ல. நீ போயிட்டா நா இங்கன யாருட்டல பேசுவேன்?" பேச வேண்டாம், தட்டிக்கொண்டே இரும் என்றேன். திட்டினார். அழுதார். பிறகு சுவிட்சை மாற்றினார்.

எனக்கும் போக மனமில்லை. ஆனால் உளுவை மாதிரி பயந்து செத்தது என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

பதிவு: மதியம் 12.41

எழுத எழுத இந்தப் பதிவு தளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இளவேனில், திரையைப் பாருங்கள். முதல் அடுக்கு போய்விட்டது. நீரிணையில் எத்தனை கப்பல்கள் என்று கேட்டால் இப்போது தெரியாது.

பதிவு: 12.4

பம்புகளை இயக்கும் பகுதி போய்விட்டது. குரல்கள் இருந்த பகுதியும். இனி யார் மாதிரியும் பேச எனக்கு வராது.

உள்ளே ஒரு மனிதர். பெயர் எழுதியிருந்தேன், மேலே பாருங்கள். மூடியின் போல்ட் வெளியிலிருந்துதான் திறக்கும். விஷவாயு இல்லை, அவரே பார்த்துவிட்டார். வாருங்கள்

பதிவு:

இனி கேட்கும் தட்டல் என்னுடையது அல்ல