நான்கு கார்டுகள் எரிந்த ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் உதட்டில் போட்ட தையலையும் பிரித்தாயிற்று. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகம் என்று உன் வாயால் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அப்புறம் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான் இது. உட்கார்ந்து கடைசி வரை படி, பாதியில் எழுந்து உன் மாமாவுக்குப் போன் போடாதே. ஏற்கெனவே நீ போட்ட போன் போதும்.

நீ அனுப்பிய நான்கு புது கிராபிக்ஸ் கார்டுகளையும், என் தம்பி, அதாவது உன் மாமா, மூடிப்போன கேம் சென்டரிலிருந்து தூக்கி வந்த நான்கு பழைய கார்டுகளையும் ஒரே எந்திரத்தில் ஓட வைக்க நாங்கள் பட்ட பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. கிரிப்டோ காசு தோண்டும் எந்திரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அது தோண்டியது என் உயிரைத்தான். உன் பழைய அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அலுமினியச் சட்டங்களை முடுக்கி இரண்டு தட்டு போட்டோம். முதலில் நான்குதான் எழுந்தன, ஐந்தாவதைச் செருகினால் திரை கறுத்துவிடும். உன் மாமா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகிவிட்டுத் தலையில் கை வைக்கிற ஆள். நான் டி.வி. கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் போர்டு சோதித்தவள், எனக்கு அந்த வேலை ஆகாது. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். ஒரு கார்டு, அணை, இன்னொன்று, ஏற்று, பார், மறுபடி அணை, இப்படியே போனோம். போர்டின் அமைப்புப் பக்கத்தில் ஒரு வரி அணைந்து கிடந்ததைக் கண்டுபிடித்து இயக்கியதும் நான்கு ஏழாயிற்று. எட்டாவது மட்டும் கால் மணி நேரம் ஓடிவிட்டு விழுந்துகொண்டே இருந்தது. கார்டையும் போர்டையும் இணைக்கிற சின்னப் பலகை ஒன்று உண்டு, ரைசர் என்பார்கள், அதில்தான் கோளாறு என்று பிடிக்க எட்டு நாள் ஆனது. ஒவ்வொரு ரைசருக்கும் உன் பழைய நகப்பூச்சால் புள்ளி வைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு புதன்கிழமை எட்டும் ஓடியபோது உன் மாமா என்னைத் தூக்கிச் சுற்றினான், அறுபது வயதுக்காரியை. அதே புதன்கிழமை கீழ்வீட்டுக்காரர் விசிறிச் சத்தம் தாங்கவில்லை என்று கதவை உதைத்தார். நான் சால்டரிங் அயர்னும் கையுமாகக் கதவைத் திறந்தேன், முனை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மனுஷன் நான்கு படியைப் பின்பக்கமாகவே இறங்கினார். இப்போது பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைக்கிறார். அதை நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன், உன்னிடமும் சொன்னேன், நீயும் சிரித்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் எந்திரத்தை அணைத்துத் தூசி தட்டினேன். பவர் சப்ளைப் பெட்டியிலிருந்து உன் நான்கு கார்டுகளின் ரைசர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிளின் முனை சூட்டில் பழுப்பேறியிருந்தது, அதை எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டினேன், சமையல் வேலை கிடந்ததால் சுவிட்சைப் போட்டுப் பார்க்காமல் போய்விட்டேன். பத்து மணிக்கு உன் மாமா வந்தான், வழக்கம்போல நேரே அறைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டான். அடுப்படியிலிருந்தே எனக்கு வாடை தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீழ்த்தட்டு முழுக்கப் புகை, உன் நான்கு கார்டுகளும் போச்சு, மேல்தட்டில் அவன் கொண்டுவந்த நான்கும் ஒன்றும் தெரியாதது போல விசிறி சுற்றிக்கொண்டிருந்தன. அவனுடைய கை இன்னும் சுவிட்சின் மேல். இரண்டு நாள் முன்னால்தான் கம்ப்யூட்டர் கடைக்காரர் என்னிடம், உங்க தம்பி வந்து இந்தக் கார்டு என்ன விலைக்குப் போகும்னு விசாரிச்சாரே என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் நல்ல கார்டுகளை விற்றுவிட்டு அதே உருவத்தில் செத்த கார்டுகளை மாட்டி வைத்து, இன்று எரித்துக் கணக்கை முடித்துவிட்டான் என்று என் மனசு ஒரே மூச்சில் கதை கட்டிவிட்டது. கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது தட்டுக்கென்று அறுத்து வைத்த அலுமினியச் சட்டம் கதவோரம் சாய்ந்திருந்தது, அதை எடுத்து அடித்தேன்.

முதல் அடி தோளில். அவன் திரும்பி அக்கா என்றான். இரண்டாவது அடி முகத்துக்குத்தான் போயிருக்கும், கையைத் தூக்கினான், கையில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது, அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். முதுகில் இன்னும் மூன்று அடி வைத்தேன். கீழே விழுந்தான், விழுந்தவன் தலை கீழ்த்தட்டுக்கு நேராகக் கிடந்தது, கண் திறந்தே இருந்தது, வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தார், முழங்கையால் இடித்தேன், அதுதான் அந்த உதட்டுத் தையல். ஏதோ ஓர் அடியில் சட்டத்தின் அறுத்த முனை அவன் உச்சந்தலையைக் கிழித்து, ரத்தம் ஒரு விசிறியின் கூண்டில் தெறித்திருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, திருட்டு நாயே, என் மகளோட பொருள்டா என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக அப்பா சொல்கிறார். எனக்கு அது நினைவில்லை. கை சுகமாக இருந்தது நினைவிருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, படியில விழுந்துட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதும், பார்த்தாயா, தப்பு செய்யாதவனாக இருந்தால் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பான் என்று உன் அப்பாவிடம் வாதாடினேன். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து நீயும் நானும் சேர்ந்து அவனைக் கிழித்தோம். மறுநாள் நீயே அவனைக் கூப்பிட்டு, இன்னொரு கையும் உடைஞ்சிருக்கணும், போலீசில் சொல்லி உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்றாயாமே. அதை எனக்கு நீ சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்தது, என் வயிற்றில் பிறந்தவள் என்று பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நாள், எரிந்த நான்கில் ஒன்றாவது பிழைக்குமா பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நல்ல ரைசரில் ஒவ்வொன்றாக மாட்டினேன், ஒன்றும் எழவில்லை. ஆனால் கார்டுகளின் எண்ணைப் பார்த்தேன், நீ அனுப்பிய பெட்டிகளின் மேல் இருந்த அதே எண்கள். நான்கும் உன்னுடையவைதான், யாரும் எதையும் மாற்றவில்லை. அப்புறம்தான் நான் மாட்டிய கேபிளைப் பார்த்தேன். அது அந்தப் பவர் சப்ளையோடு வந்ததல்ல, அட்டைப் பெட்டியில் கிடந்த வேறு கம்பெனியின் பழைய பவர் சப்ளையோடு வந்தது. பிளக் பொருந்தியது, டக்கென்று உட்கார்ந்தது, நானும் விட்டுவிட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய கம்பியில் ஒன்றுமில்லை, ஒன்றுமே வரக்கூடாத கம்பியில் பன்னிரண்டு வந்தது. வெளியே பிளக் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒவ்வொரு கம்பெனியும் கம்பியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கும். இது எனக்குத் தெரியாததா. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் மீட்டர் வைக்காமல் எதையாவது மாட்டினால் புறங்கையில் ஸ்கேலால் அடிப்பவள் நான்தான். உன் கார்டுகளை எரித்தது என் கை. அவன் சுவிட்சைத்தான் போட்டான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நீயே போய்ச் சொல்லிடு, நான் கூட வரல, வந்தா எனக்கும் உன்மேல கை நீண்டுடுமோன்னு பயமா இருக்கு என்றார். முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் சொன்ன ஒரே கடுமையான பேச்சு. நான் செருப்பை மாட்டினேன்.

மாமா வீட்டில் உன் அத்தைதான் கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை, நகர்ந்து வழி விட்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் எதையோ எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். மாவுக்கட்டைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். நாற்காலியோடு பின்னால் போய், கட்டுப் போட்ட கையையே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். நாற்பத்து நான்கு வயது அவனுக்கு. என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். கேபிளைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தெரியும்க்கா, கீழ விழுந்தப்பவே பார்த்தேன், கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு, வேற கேபிள்னு என்றான். கடையில் விலை விசாரித்ததும் ஒன்பதாவது கார்டு வாங்கத்தானாம். பின்னே ஏண்டா வாயைத் திறக்கலே என்றேன், அப்போதும் என் குரல் உயர்ந்துதான் வந்தது. அவன் பஸ் நேரம் சொல்கிறவன் மாதிரிச் சொன்னான், நீ அடிக்கிறப்ப பேசினா இன்னும் ரெண்டு சேர்த்து விழும், சும்மா கிடந்தா சீக்கிரம் முடிஞ்சிடும், எனக்கு ஆறு வயசுலயே தெரியும்க்கா என்று. அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் நான் என்று எத்தனை பேரிடம் மார் தட்டியிருக்கிறேன். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தை எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு விரல் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள், கட்டுப் பிரித்ததும் இவனை ரசீது எழுதும் இடத்தில் வைப்பார்களாம். பதினெட்டு வருடம் லென்ஸ் தேய்த்த கை. அவனுடைய நான்கு கார்டுகளையும் கழற்றித் துடைத்து அவன் வீட்டிலேயே கொடுத்துவிட்டேன், உன் அறையில் கட்டிலைப் பழையபடி போட்டாயிற்று. அந்த எந்திரத்தை இனி நான் தொடப்போவதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ மாமாவைக் கூப்பிடு. மன்னிப்புக் கேள், சுற்றி வளைக்காதே, எல்லாத்துக்கும் அம்மாதான் காரணம் என்று என்மேல் போட்டுவிட்டும் தப்பிக்காதே, நீ பேசியது நீ பேசியதுதான். அவன் பரவாயில்லைம்மா என்பான். அதை நம்பிவிடாதே, பயந்தவன் அப்படித்தான் சொல்வான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. குட்டிப்பயல் பாலைக் கொட்டினால், சுவரில் கிறுக்கினால், உன் கை எழும். எழுந்தால் அந்த அறையை விட்டு வெளியே போய்விடு. அவன் அழாமல் பேசாமல் நின்றால் நல்ல பிள்ளை, அடங்கிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒன்று கேட்க வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்திருந்த சின்ன ஸ்க்ரூடிரைவர் காணாமல் போயிற்று. கரண்டிக் காம்பால் உன்னை அடித்தேன். இல்லம்மா இல்லம்மா என்று மூன்று அடி வரை சொன்னாய், நான்காவது அடியில், நான்தான் எடுத்தேன், சாக்கடையில போட்டுட்டேன் என்றாய். நான் காம்பைக் கீழே போட்டேன். உண்மையை வரவழைத்துவிட்டேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மாமா வீட்டிலிருந்து நடந்தே வந்தேன், வழியெல்லாம் அந்த நான்காவது அடிதான். அந்த ஸ்க்ரூடிரைவரை நீ எடுத்தாயா மகளே?

நீயும் உன் வீடும் நோய் நொடியில்லாமல், யாருக்கும் யார் கையும் பயமாக இல்லாமல் நல்லபடி வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மாமாவைக் கூப்பிட மறக்காதே, காலையில் கூப்பிடு, அப்போதுதான் அவனுக்கு வலி குறைவாக இருக்கும். எனக்கு மட்டும் கடிதமாகவே பதில் போடு. முழுதாக ஒரு நாள் பறந்தாலும் என் கை எட்டாத இடத்தில் இருக்கிறாய், உள்ளதை எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா