எருமைப் படமும் நம் கிறிஸ்துமஸும்

என் பிரியமுள்ள கௌரக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று நம்பிக்கை. நீங்கள் இருக்கும் இடத்தில் லிங்கராஜபுரத்து ஆள் ஒருத்தர்கூடவா இருக்க மாட்டார்?

நிஷாதான் எழுதச் சொன்னாள். எங்கள் மாதா கோயில் மலரில் போடுவார்களாம். நான் அஞ்சாவதோடு நின்றவள், என் பேத்தி எம்.காம். முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். அவள் இருக்கும்போது நான் எதற்கு எழுத வேண்டும் என்றேன். "கௌரஜ்ஜிகிட்ட பேசற மாதிரியே எழுது பாட்டி, போதும்" என்றாள். பேசுவதென்றால் எனக்கென்ன கஷ்டம்? உங்களிடம் பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இந்த வருஷக் கிறிஸ்துமஸ் எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். நம் படத்தைப் பார்க்க உங்கள் வீட்டு ஆட்கள் வருவார்களா, மாட்டார்களா என்று டிசம்பர் பிறந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவர்கள் வராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது உங்களோடு போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

நம் படம் எது என்று உங்களுக்குத் தெரியும். மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதே, அவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீர்ச் சண்டையில் பெங்களூரே கலங்கிக் கிடந்தது. தமிழ் ஆட்கள் இருக்கும் பக்கமெல்லாம் கல் விழுந்தது, சில இடங்களில் தீயும் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் பயம் அடங்கவில்லை. பூசைக்குப் போகும்போது வழியில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நிஷாவின் தாத்தா சொல்லிவிட்டார். எப்போதும் வாய் ஓயாத குடும்பம் ஊமைக் கூட்டம் மாதிரி நடந்து போனது.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் காலையில் பூசை, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் புதுத் துணியோடு தியேட்டர். என்ன தமிழ்ப் படம் ஓடுகிறதோ அதுதான் கிறிஸ்துமஸ் படம். அந்த வருஷம் எல்லாத் தியேட்டரிலிருந்தும் தமிழ்ப் படத்தை எடுத்துவிட்டார்கள். நிஷாவின் அப்பாவும் அம்மாவும் துபாயில் இருந்ததால் அவள் எங்களோடு இருந்தாள். சின்னப் பிள்ளை. புதுக் கவுனோடு உட்கார்ந்து, படத்துக்குப் போகாவிட்டால் அது எப்படிக் கிறிஸ்துமஸ் என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

ஒரே காம்பவுண்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். எல்லாம் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் உங்கள் மகன் மஞ்சு டி.வி.யைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே நீங்கள் உங்கள் தம்பி வீட்டு வீடியோ டெக்கை முந்தானையில் மூடிக்கொண்டு வந்தீர்கள். அதோடு இருந்தது ஒரே ஒரு கேசட். கன்னடப் படம்.

"ஏனே மேரி, இதுதான் இருக்கு. நிஷா மகு கிறிஸ்துமஸ் படம் கேக்குது இல்ல, இதையே போடு" என்றீர்கள்.

அதில் ஒரு விவசாயி. அவனுக்கு ஓர் எருமை. அந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் வீட்டுக் கல்யாணத்தில் புகுந்துவிடும். புகுந்து, மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தின்னும். படம் முடிகிறவரை எருமையை ஊரே தேடும், கல்யாணம் நிற்கும், நடக்கும், மறுபடி நிற்கும். ஒரு மாதா கோயில் கிடையாது, ஒரு மெழுகுவத்தி கிடையாது.

சத்தத்தை உச்சத்தில் வைத்தீர்கள். கதவையும் அகலத் திறந்து வைத்தீர்கள். நான் பதறிப்போய்க் குறைக்கச் சொன்னேன். "சும்மா இரு. இந்த வூட்ல என்ன பாஷை கேக்குதுன்னு ரோட்டுக்குத் தெரியட்டும்" என்றீர்கள். அதற்கப்புறம் நான் டி.வி. பக்கம் கை கொண்டுபோகவில்லை.

நாலைந்து பையன்கள் காம்பவுண்டு கேட்டில் வந்து நின்றார்கள். இது யார் வீடு என்று கேட்டார்கள். நீங்கள் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நம்ம மனே" என்றீர்கள்.

உள்ளே மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? படம் பார்ப்பதென்றால் வந்து உட்காருங்கள், இல்லையென்றால் வெளிச்சத்தை மறைக்காமல் போங்கள் என்று கன்னடத்தில் அதட்டினீர்கள். அந்த நேரம் பார்த்து எருமை தலைப்பாகையில் வாய் வைத்தது. அதில் ஒரு பையன் சிரித்துவிட்டான். சிரித்தவன் அப்புறம் எப்படி முறைத்துக்கொண்டு நிற்பான்? போய்விட்டார்கள். நிஷாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மட்டும் படம் முடிகிறவரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் படம். தியேட்டருக்குத் தமிழ்ப் படங்கள் திரும்பி வந்தும் நாங்கள் போகவில்லை. நீங்கள் ஹொரமாவில் மஞ்சு கட்டிய வீட்டுக்குக் குடிபோன பிறகும் வருஷா வருஷம் ஆட்டோ பிடித்து வந்தீர்கள். கேசட் தேய்ந்து கோடு கோடாக ஆனபோது மஞ்சு எங்கெங்கோ அலைந்து அதே படத்தின் சி.டி. வாங்கி வந்தான்.

காலேஜ் போனதிலிருந்து நிஷா சண்டையை ஆரம்பித்தாள், ஞாபகம் இருக்கிறதா? அவளோடு படிக்கிற பிள்ளைகளிடம் எங்கள் கிறிஸ்துமஸ் படம் எருமைப் படம் என்று சொல்லப்போய் அவர்கள் சிரித்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் படம் என்றால் அதில் பனி கொட்ட வேண்டுமாம். மரம் ஜோடிக்க வேண்டுமாம். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு வந்து சேர வேண்டுமாம். லிங்கராஜபுரத்தில் என்றைக்குடி பனி கொட்டியது, காலையில் ஸ்வெட்டர் போட்டால் அதுதான் நமக்குப் பனி என்றேன். அவள் தாத்தா எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு, படத்தில் மாட்டுக்கொட்டகை வருகிறதே, ஆண்டவர் அங்கேதானே பிறந்தார் என்றார்.

"மாட்டுக்கொட்டகை இருந்தா கிறிஸ்துமஸ் படமா தாத்தா? அப்போ பாதித் தமிழ்ப் படம் கிறிஸ்துமஸ் படம்தான்" என்றாள்.

நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள், யார் பக்கம் என்று சொல்லாமலே. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எதைப் பார்க்காவிட்டால் அந்த நாள் முடிந்த மாதிரி இருக்காதோ அதுதான் கிறிஸ்துமஸ் படம் என்று அடித்துச் சொன்னேன். என் பேத்தியிடம் வாய்ச்சண்டையில் நான் தோற்றதே கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

கணபதி ஹப்பம், அதுதான் பிள்ளையார் சதுர்த்தி, முடிந்த கையோடு நீங்கள் போய்விட்டீர்கள். நவம்பரில் இறந்தவர்களுக்காகப் பூசை வைத்தபோது உங்கள் பேரையும் கொடுத்தேன். ஆரோக்கியம், அந்தோணியம்மாள் என்று வாசித்துக்கொண்டே வந்த சாமியார், நடுவில் கௌரம்மா என்றும் வாசித்தார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியுமே.

டிசம்பரில் மஞ்சுவுக்குப் போன் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"ஆன்ட்டி, இந்த வருஷம் எங்களுக்கு ஹப்பம் இல்ல. அம்மா வருஷ திதி முடியற வரைக்கும் யார் வீட்டுப் பண்டிகைக்கும் போகக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க" என்றான்.

புட்டம்மா அத்தை, உங்கள் நாத்தனார், துமகூரிலிருந்து வந்து அவர்களோடு இருக்கிறார். அவர் சொல்வதில் என்ன தப்பு? எங்களிலும் துக்க வருஷத்தில் கேக் வெட்டாத வீடுகள் உண்டு. சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அச்சு முறுக்குச் சுடக்கூட மனசு வரவில்லை. நாம் மட்டும் பார்ப்போம் என்றார் நிஷாவின் தாத்தா. உங்கள் ஆட்கள் இல்லாமல் அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது? இந்த வருஷம் நின்றால் அடுத்த வருஷம் வருவார்கள் என்று என்ன நிச்சயம்? வாடிக்கை ஒரு தடவை விட்டுப்போனால் போனதுதான், நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ரெண்டு நாள் யோசித்தேன் அக்கா. அப்புறம் ஆபீசிலிருந்து வந்த நிஷாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எருமைப் படம் ஏன் கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று நீ சொல்வாயே, அதையெல்லாம் இன்னொரு தடவை சொல்லு என்றேன்.

"எதுக்கு, மறுபடியும் திட்டறதுக்கா?"

"இல்லடி. நீ சொன்னது சரின்னு சொல்லப் போறேன்."

காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது கிறிஸ்துமஸ் படமாக இருந்தால்தானே அவர்கள் வரக் கூடாது, வெறும் படமாக இருந்தால் வரலாமே என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பின்னால் உட்கார்ந்து ஹொரமாவு போனேன். அவள் ஓட்டுகிற லட்சணத்துக்கு வழியெல்லாம் ஜெபமாலைதான். புட்டம்மா நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சுவும் அவன் மனைவி சுதாவும் சுவரோரம் நின்றார்கள். நான் கன்னடத்தில் சொன்னேன்: அது கிறிஸ்துமஸ் படமே இல்லை, நான்தான் இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி அப்படிச் சொல்லிவந்தேன், வேண்டுமானால் படித்த பிள்ளை இவளைக் கேளுங்கள் என்று.

புட்டம்மா வக்கீல் மாதிரி விசாரித்தார். படத்தில் உங்கள் கோயில் வருகிறதா? இல்லை என்றாள் நிஷா. உங்கள் சாமி பாட்டு? இல்லை. ஸ்டார், விளக்கு, கேக்? ஒன்றும் இல்லை அஜ்ஜி, எருமைதான் இருக்கிறது என்றாள். சுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"அப்ப ஏன் அந்த ஒரு நாள்ல மட்டும் பார்க்கறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் புட்டம்மா.

அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டு போகவில்லை. அன்றைக்குத்தான் எல்லோருக்கும் லீவு என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் மஞ்சு பக்கம் திரும்பி, அண்ணி இதற்கு வருஷா வருஷம் போவாளா என்று கேட்டார். காய்ச்சலோடுகூடப் போனார்கள் அத்தை என்றான் அவன்.

புதுத் துணி கூடாது, பலகாரம் கூடாது, வாழ்த்துச் சொல்லக் கூடாது, காபி மட்டும் என்றார் புட்டம்மா. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். தானும் வருவதாகச் சொன்னார். எருமை எப்படிப்பட்டது என்று அவரும் பார்க்க வேண்டுமாம்.

வந்தார்கள் அக்கா, எல்லோரும் வந்தார்கள். காலையில் பூசைக்குக் கட்டிய புதுப் புடவையை மாற்றிப் பழையதைக் கட்டிக்கொண்டேன். பலகாரத் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வந்தவர்களுக்கு வெறும் காபி கொடுத்தது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. கை கூசியது, மனசு நிறைந்திருந்தது.

ஊர்ப் பெரியவர் பேசுகிற வசனத்தை அவருக்கு முன்னாலேயே நீங்கள் சொல்லிவிடுவீர்களே, அந்த இடம் வந்தபோது ஒருத்தரும் மூச்சு விடவில்லை. உங்களுக்காக விட்டுவைத்த மாதிரி இருந்தது. சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை முட்டியது. ஆனால் அதற்குள் எருமை வந்துவிட்டது. புட்டம்மா அதை முதல் தடவையாகப் பார்க்கிறார் இல்லையா, கூரை அதிரச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு துக்க வருஷம் நினைவுக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிங்க அத்தை. இந்த எடத்துல சிரிக்காதவங்களைத்தான் அம்மா திட்டுவாங்க" என்றான் மஞ்சு. நீங்கள் போனதற்கப்புறம் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் முடிந்து கிளம்பும்போது புட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மேரி, இந்த வருஷம் நாங்க சும்மா ஒரு படம் பார்த்தோம். அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் படம் பார்க்க வருவோம். அப்ப அந்தக் கட்டிலுக்கு அடியில இருக்கறதையும் வெளியே எடு."

ஆட்டோ திரும்பியதும் நிஷா என் தோளில் சாய்ந்துகொண்டாள். இப்போது கடைசியாக அது கிறிஸ்துமஸ் படமா, இல்லையா என்று கேட்டாள். உங்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன். நீங்கள் யார் பக்கம் அக்கா? இப்போதாவது சொல்லக் கூடாதா?

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் வருஷ திதிக்கு நானும் நிஷாவும் ஹொரமாவு போய் இலை போடுகிறவரை கூட நிற்போம். அது முடிந்த மறுநாளிலிருந்து நான் பழையபடி அது கிறிஸ்துமஸ் படம்தான் என்று என் பேத்தியோடு சண்டை போடுவேன். இந்தத் தடவை என் பக்கம் சாட்சிக்குப் புட்டம்மா இருக்கிறார்.

ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் தங்கை,
மேரி