ஒற்றைப் பெயர்க்காரர்களை இல்லையென்ற சர்வரும் ஓட்டுநர் சகிமானின் வேலையும்

அனுப்புநர்:
வாஸ்கிதோ நுக்ரோஹோ,
சர்வர் நிர்வாகி (மின்னஞ்சல், தரவுத்தளம்),
கணினிப் பிரிவு,
மாவட்டப் பொது மருத்துவமனை, கலிவெனிங்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாவட்டப் பொது மருத்துவமனை,
கலிவெனிங், மத்திய ஜாவா.

பொருள்: ஆம்புலன்ஸ் ஓட்டுநர் திரு. சகிமானுக்கு வந்த நிரந்தரப் பணிக் கடிதத்தை நமது மின்னஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பியது – அவர் மீதான அலட்சியக் குறிப்பைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

நமது யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். தங்களுக்கு எழுத நேர்ந்தால் மின்வெட்டு, வட்டு நிரம்பியது என்றுதான் எழுதியிருக்கிறேன். இம்முறை ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டியிருப்பதற்கு மிகவும் வருந்துகிறேன்.

1. நம் ஓட்டுநர்கள், சமையற்கட்டுப் பெண்கள், துப்புரவாளர்கள் பலருக்கும் பெற்றோர் வைத்தது ஒரே பெயர்தான். புதிய பணியாளர் தரவுத்தளமோ இரண்டு பெயர் கொடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. ஆகவே பணியாளர் அலுவலகத்தார் நம் ஊர் வழக்கப்படி அதே பெயரை இரண்டு முறை தட்டிவிட்டார்கள். சகிமான், 'சகிமான் சகிமான்' ஆனார். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

2. சென்ற மாதம் ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒப்பந்த நிறுவனத்தார் தரவுத்தளத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால் அது சோதனைக்காகப் போட்ட போலிப் பதிவு என்று முடிவுகட்டி, அத்தனையையும் ஒரே கட்டளையில் நீக்கினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மாமனார் பெயரும் அப்படித்தான் என்று சொல்லியிருப்பேன். மின்னஞ்சல் சர்வர், கடிதம் வரும்போதெல்லாம் தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே விடும். அங்கே பெயர் இல்லாததால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் எழுதித் திருப்பிவிட்டது.

3. அவ்வாறு திரும்பிப் போனவற்றில் ஒன்று, தேர்வு வாரியம் திரு. சகிமானுக்கு அனுப்பிய கடிதம். பல்லாண்டு ஒப்பந்த ஓட்டுநராக இருந்தவர் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகியிருந்தார். ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அந்த வாரம் தம் மின்னஞ்சல் பெட்டி திறக்கவில்லை என்று அவர் எங்கள் பிரிவுக்கு வந்து சொல்லவும் செய்தார். "பாஸ்வேர்ட மறந்துட்டு சர்வர் மேல பழி போடாதீங்கண்ணே" என்று எங்கள் ஆட்கள் சிரித்து அனுப்பியிருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வண்டி எடுக்கப் போய்விட்டார். கெடு கடந்து, வேலை கைநழுவியது.

4. அவர் சம்மதம் ஏன் வரவில்லை என்று வாரியம் நம்மிடம் கேட்டு எழுதியபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே காப்புப் பிரதியிலிருந்து எல்லோருடைய கணக்குகளையும் மீட்டேன். ஆனால் வாசலிலேயே திருப்பப்பட்ட கடிதம் எந்தப் பிரதியிலும் இருக்காது. பிரிவுத் தலைவரிடம் எடுத்துச் சொன்னபோது, "எதுக்குப்பா கிளறுற? வாரியத்துக்குப் பதில் போயாச்சு" என்றார். அஞ்சலைப் பார்க்காமல் விட்டது ஓட்டுநரின் அலட்சியம் என்று அந்தப் பதிலில் எழுதியிருக்கிறார்கள். இது உண்மையல்ல. சர்வரின் பதிவுகளை இத்துடன் இணைத்துள்ளேன். நம் பிழையை அவர் தலையில் கட்டியதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. இதைவிட வருத்தம் தருவது இனிமேல்தான். குற்றம் தம் பெயரில்தான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். நோயில் விழுந்த பிள்ளைக்குப் பெயரின் கனம் தாங்கவில்லை என்று வேறு பெயர் வைப்பது நம்மிடையே உண்டல்லவா? முந்தாநாள் வறுத்த சோயா தெம்பே பொட்டலத்துடன் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். "பேரு கனம் தாங்காம மாத்துனவங்கள பாத்திருக்கேன் தம்பி. என் பேருக்குக் கனமே பத்தலையாம்ல! கம்ப்யூட்டருக்குப் புடிச்ச மாதிரி ஒரு பேரு நீயே பாத்துச் சொல்லு" என்றார். அவர் சிரித்தார், என்னால் முடியவில்லை. நீதிமன்றத்தில் கொடுக்கப் பெயர் மாற்ற மனுவும் எழுதி வைத்திருக்கிறார். மாற்றிவிட்டால் ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சான்றிதழ், தேர்வுப் பட்டியல் எதனுடனும் அவர் பெயர் பொருந்தாது. வாரியமே மனமிரங்கினாலும் வேலை கிடைக்காது.

ஆகவே, அலட்சியக் குறிப்பைத் திரும்பப் பெற்று, பிழை நம்முடையது என்று வாரியத்துக்குத் தாங்கள் எழுத வேண்டுகிறேன். மேல்முறையீட்டை இம்மாத இறுதிவரை ஏற்பார்கள். ஒற்றைப் பெயரையும் தரவுத்தளம் ஏற்கும்படி மாற்ற எனக்கு ஒரு பிற்பகல் போதும். தங்கள் உத்தரவு மட்டும் வேண்டும்.

வரும் சனிக்கிழமை அவர் வீட்டில் பெயர் மாற்றும் விருந்து. வழக்கப்படி சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சப்போவதாகச் சொல்லி அக்கம்பக்கத்தாரை அழைத்திருக்கிறார். எனக்கும் அழைப்பு உண்டு. அங்கே உட்கார்ந்து அந்தக் கஞ்சியை விழுங்க என்னால் ஆகாது அம்மையீர். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் கையெழுத்து கிடைத்தால், நானே போய் அடுப்பை அணைக்கச் சொல்வேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
வாஸ்கிதோ நுக்ரோஹோ

இடம்: கலிவெனிங்
நாள்: 17.09.2019

இணைப்பு: மின்னஞ்சல் சர்வர் பதிவுகளின் நகல்