ஆளில்லாமல் கிடந்த வீடு

மச்சான்,

ஈரச் செங்கல்லும் புதிதாய்ப் பூசிய சுண்ணாம்பும் கலந்த வாசனை நேற்று என்னைத் தெருவில் மறித்து நிறுத்திவிட்டது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாமான் வாங்கத்தான் போயிருந்தேன். லெ பிளாங்-மெனிலில் ரயிலேறி, கார் து நோரில் இறங்கி, லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாழையிலையும் நீ விரும்பிச் சாப்பிடும் பாகற்காயும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். நாம் இருந்த பழைய வீட்டின் இரும்புக் கேற் இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. நாம் இருந்த நாலு வருடத்தில் ஒரு நாளாவது அதை அப்படித் திறந்திருப்போமா?

வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வீட்டைத் திருத்திச் சிறுவர் நூலகம் ஆக்குகிறார்களாம். திறப்பதற்கு முன் ஒரு நாள் அயலவர்கள் உள்ளே வந்து பார்க்கலாமாம். பாகற்காய்ப் பையோடு நானும் அயலவனாய் உள்ளே போனேன்.

வீட்டின் கதையைச் சொல்ல ஓர் இளம்பெண் கையில் தாள்களோடு நின்றாள். லண்டனில் விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், இங்கே பிரெஞ்சு ரயில்பாதை வேலைக்கு வந்த ஓர் ஆங்கிலேய என்ஜினியர் தன் ஊர் வீட்டைப் போலவே இதைக் கட்டுவித்தாராம். அதனால்தான் சாம்பல் நிறக் கல் வீடுகளுக்கு நடுவே இது மட்டும் சிவப்புச் செங்கல். அதனால்தான் தெருப்பக்கம் தொந்தி தள்ளினாற்போல் நிற்கும் அந்த ஜன்னல். வந்த முதல் நாளே நீ சொன்னாய்: "மச்சான், இது வெள்ளைக்காரன் எங்கடை ஊரிலை கட்டின பங்களா மாதிரியெல்லோ கிடக்கு. அங்கையும் இவன், இஞ்சையும் இவன்." நான் உன்னைப் பகிடி பண்ணினேன். நீ சொன்னது சரிதான், கேட்டுக்கொள்.

என்ஜினியருக்குப் பிறகு ஒரு மருத்துவிச்சி அங்கே பிரசவ விடுதி நடத்தினாளாம். பிறகு கீழ்த்தளத்தில் சலவைக்கூடம் வந்தது. பிறகு அறை அறையாகத் தடுத்துத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். "அதன்பின் வாரிசுகளுக்குள் வழக்கு. வீடு பூட்டப்பட்டு நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்தது," என்று சொல்லி அந்தப் பெண் தாளைத் திருப்பினாள். அவள் தாள் திருப்பிய அந்த நேரத்துக்குள் நாம் பதினாலு பேர் இருந்தோம், மச்சான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஆளில்லாத வீடுபோல் இருக்க வேண்டும் என்பதுதானே நமக்கு இட்ட சட்டம்? பூட்டுத் திறப்பைத் தந்து நம்மை அங்கே ஒளித்து வைத்த அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார்: தெருப்பக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது, மரப்படியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், தபால்பெட்டியில் ஒருவர் பெயரும் இருக்கக் கூடாது. நாம் அதை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறோம்.

அந்தத் தொந்தி ஜன்னலுக்குக் கீழே நம் இருவருக்கும் ஒரே மெத்தை. நான் மாலையில் போய் உணவகத்தில் பாத்திரம் கழுவி, அப்படியே அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு விடியத்தான் வருவேன். நீ விடியக் காய்கறிப் பெட்டி இறக்கப் போய் மாலையில் வருவாய். உன் சூடு ஆறாத மெத்தையில் நான் படுப்பேன், என் சூடு ஆறாததில் நீ. நாம் விழித்தபடி ஒருவரையொருவர் கண்டது மாடிப்படியில்தான், கையில் சப்பாத்தோடு.

அந்த இளம்பெண் எங்களை மேல் அறைக்குக் கூட்டிப்போனாள். கணப்படுப்புக்கு மேலே சுவரில் ஒரு மஞ்சள் கறை. புதிதாய்ப் பூசும்போது வரலாற்றுச் சான்று என்று அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மருத்துவிச்சி காலத்து அயடீனாக இருக்கலாம் என்றாள் அவள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது நீ அங்கே வைத்த தேங்காய்ப்பால் சொதி பொங்கித் தெறித்த மஞ்சள். உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒரு பெண் நின்றாள். அந்த இடத்தில்தான், மச்சான், உனக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட வராத அழுகை எனக்கு வந்தது.

நீ இருந்தபோது உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டேன். இனிச் சொல்லி உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் நாளைக்கு உனக்குப் படைக்கிறதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

உன் அகதிக் கேஸ் முதல் தடவை நிராகரிக்கப்பட்டு நீ மேன்முறையீடு போட்டிருந்த நேரம். அதுவரை உன் கடிதங்களை வாங்கித் தந்த கடைக்காரர் கடையை விற்றுவிட்டுப் போனதால், இந்த வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. விசாரணைக்கு அழைக்கும் கடிதம், நாம் சொல்லும் கொன்வொக்காசியோன், வந்து சேர வேண்டுமென்றால் பெட்டியில் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். நீ அண்ணைக்குத் தெரியாமல் தேயிலைப் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கொட்டை எழுத்தில் உன் பெயரை எழுதினாய். பசை வாங்கவில்லை. ஊரில் செய்கிற மாதிரிச் சோற்றுப் பருக்கையை நசித்துத் தேய்த்து ஒட்டினாய். அது நான் உணவகத்தில் இருந்து கொண்டுவந்த மிச்சப் பாஸ்மதிச் சோறு.

அன்று மாலை படியில் என்னை மறித்து மெல்லச் சொன்னாய்: "பேர் ஒட்டியிருக்கிறன். கடிதம் வருமட்டும் கிடக்கட்டும். ஆரும் கழட்டினா எனக்குச் சொல்லு, என்ன?"

"ஓம், ஓம்," என்றேன் நான்.

ஒரு கிழமை கழித்து மெட்ரோ வாசலில் பொலிஸ் மறித்து விசா பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன இருவரை வாகனத்தில் ஏற்றினார்கள். என்னிடம் அப்போது ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. திரும்பி ஓடி வந்து கேற்றுக்குள் நுழைந்தால், பெட்டியில் உன் பெயர். அவ்வளவு நீளமான தமிழ்ப் பெயர். இந்த வீட்டில் ஆட்கள் ஒளித்திருக்கிறார்கள் என்று அது தெருவுக்கே கூப்பிட்டுச் சொல்வதுபோல் எனக்குப் பட்டது. மேலே போய் வெங்காயம் வெட்டும் கத்தியை எடுத்துவந்து அதைக் கழற்றினேன். நான்தான் கழற்றினேன், மச்சான்.

இரண்டு நாள் போகட்டும், பிறகு நானே ஒட்டிவிடுகிறேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் நாலு நாளாயிற்று. படியில் உன்னைக் காணும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பேன். நீ வேலையால் களைத்து வருவாய், நான் வேலைக்கு ஓடுவேன். பிறகு, இதைச் சொல்ல வெட்கமாய் இருக்கிறது, நான் மறந்தும் போனேன்.

நீ போகும்போதும் வரும்போதும் இருட்டாய்க் கிடந்த பனிக்காலம், வெறும் பெட்டி உன் கண்ணில் படவில்லை. கடிதம் வந்து திரும்பிப் போய்விட்டது. நீ போகாமலே உன் கேஸ் முடிந்தது. வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாய். நீ மேலே வந்த சத்தத்தில் நான் மெத்தையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். நீ யாரையும் சந்தேகப்படவில்லை. சுவரில் சாய்ந்து இருந்துகொண்டு சொன்னாய்: "பாஸ்மதி மச்சான். உந்தச் சோறு ஒட்டாது. எங்கடை குத்தரிசியெண்டால் பிடிச்சிருக்கும்."

அதற்குப் பிறகு எத்தனை வருடம் விசா இல்லாமல் ஒளித்துத் திரிந்தாய். உன் அம்மா செத்ததற்கு ஊருக்குப் போக முடியவில்லை. உனக்குப் பேசி வைத்த பெண் ஆறு வருடம் வழி பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளை வேறிடத்தில் கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்கள். தலை நரைத்த பிறகு உனக்கு விசா கிடைத்தது. அதற்குள் எனக்கு எல்லாம் கிடைத்திருந்தது: விசா, மனைவி, பிள்ளை, வீடு. உன்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்த என் மகன்தான் உனக்குக் கொள்ளி வைத்தான். உனக்கென்று ஒரு மகன் இருந்திருக்க வேண்டும். அது என்னால் இல்லாமல் போனது.

அழுவதற்குப் பதிலாக நீ அதைப் பகிடியாக்கிக்கொண்டாய். கல்யாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும், சாப்பாட்டுப் பந்தியில் பாஸ்மதிச் சோறு வந்தால் தொடங்கிவிடுவாய். "இந்தச் சோத்தாலைதான் என்ரை கேஸ் போச்சு. கொண்டந்து தந்தவன் இஞ்சை இருக்கிறான், இவன்தான் குற்றவாளி!" என்று என் முதுகில் தட்டுவாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எத்தனை தரம் சிரித்தேன் என்று நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஓல்னே-சூ-புவாவில் உன் அறையில் கடைசியாக உன்னைப் பார்த்த அன்று, சொல்லிவிடுவது என்றே வந்தேன். கட்டிலோரம் இருந்து, "மச்சான், அந்தப் பேர்த் துண்டு..." என்று தொடங்கினேன். நீ கையை அசைத்து, "உந்தக் கதையை விடு. சாப்பிட்டனியோ?" என்று கேட்டாய். "ஓம்," என்றேன். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டுதான் அத்தனை வருடமும் சோற்றின் மேல் பழியைப் போட்டாயா? கேட்டிருக்க வேண்டும். கோழை நான், கேட்கவில்லை.

நேற்று எல்லாரும் கலைந்த பிறகு, வீட்டின் கதை சொன்ன அந்தப் பெண்ணிடம் போய், "மதாம், வீடு ஆளில்லாமல் இருக்கவில்லை. நாங்கள் இருந்தோம்," என்றேன். பிரெஞ்சில்தான் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா, எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

முதலில் உன் பெயரைத்தான் கொடுத்தேன். அவளால் அந்த நீளத்தைப் பிடிக்க முடியவில்லை. அதனால் பேர்ஸில் விசா அட்டைக்குப் பின்னால் இருந்து உன் அட்டைத் துண்டை எடுத்து நீட்டினேன். ஓம், மச்சான், அதை நான் எறியவில்லை. எத்தனை பேர்ஸ் மாற்றினேனோ, அத்தனையிலும் அது இருந்தது. அவள் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினாள். எழுதி முடித்துத் துண்டைத் திருப்பிப் பார்த்து, "பின்னால் இது என்ன?" என்றாள்.

"சோறு," என்றேன்.

அவள் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். ஒரு பருக்கையும் உதிரவில்லை. நூலகத்தில் கண்ணாடிக்குள் வைக்கத் தருவீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லித் திருப்பி வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டேன்.

நாளைக்கு உன் படையலுக்குப் பாஸ்மதிச் சோறுதான் போடச் சொல்லியிருக்கிறேன். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது நல்லாய்த்தான் ஒட்டியிருந்தது, மச்சான். கத்தி வைத்துச் சுரண்டித்தான் எடுத்தேன்.